மீதியை வெள்ளித்திரையில் காண்க

மல்லாட்டைத் தொலிக்கென்று ஒரு வாசனை உண்டு. வெயிலில் காய்ந்த செம்மண்ணும் கொஞ்சம் எண்ணெயும் சாக்கின் சணல் நெடியும் கலந்து வரும். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில் தீவனூரைத் தாண்டி உள்ளே ஒதுங்கிக் கிடக்கும் ஆயா ஊரில், விதைக்கொட்டை உடைக்கிற காலம் வந்துவிட்டால், சாயங்காலச் சோறு முடிந்ததும் நடையில் மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிடுவார்கள். தெருப் பெண்கள் ஆளுக்கொரு முறத்தோடு வந்து குந்துவார்கள். கூலி படிக்கணக்கு. உடைக்கிற மிஷின் திண்டிவனத்து மில்லில் இருந்தது. ஆனால் மிஷினில் போட்டால் பருப்பின் சிவப்புத் தோல் கிழியும், தோல் கிழிந்த பருப்பு சரியாக முளைக்காது. அதனால் விதைக்கு என்றால் கைதான். கட்டைவிரலால் மூக்கில் ஒரு அழுத்து, டப்பென்று வாய் பிளக்கும், பருப்பு முறத்தில், தொலி காலடியில். பத்துப் பதினைந்து கைகள் சேர்ந்து உடைக்கிற அந்தச் சத்தத்துக்கு நடுவே ஆயா கதையை ஆரம்பிப்பாள்.

கதை சொன்னதற்கு ஆயா பிற்பாடு ஒரு காரணம் சொன்னாள். வாய் சும்மா இருந்தால் பருப்பு வாய்க்குள் போய்விடுமாம். கதை கேட்கிற வாய் உம் கொட்டியாக வேண்டும், உம் கொட்டுகிற வாய் மெல்லாது. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய முடியும் என்பதை நானும் என் தம்பியும் வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டோம். அவளுக்கும் அது தெரியும் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

உம் நின்றால் கதை நின்றுவிடும். "இன்னா, தூங்கிட்டீங்களா?" என்பாள். யாராவது அவசரமாக "உம்" என்றால்தான் நல்லதங்காள் அடுத்த பிள்ளையைக் கிணற்றில் தள்ளுவாள். அடுத்த பிள்ளை தள்ளப்படக் கூடாதென்று ஒரு ராத்திரி நான் வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியம்மா உம் கொட்டிவிட்டாள். அவள் மேல் எனக்கு மறுநாள் மதியம் வரை கோபம்.

ஆயாவின் கதைகளில் பாதி மேற்கே கண்ணுக்குத் தெரிகிற மலையில் நடந்தவை. தேசிங்குராஜன் அங்கேதான் பாராசாரிக் குதிரையில் ஏறி ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்துப் போனான். 1714 என்ற வருஷத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. ஆயா சொன்ன விதத்தில் அது போன வெள்ளாமைக்கு முன்னால் நடந்திருக்க வேண்டும். துரோபதையும் எங்களுக்குச் செஞ்சிக்காரிதான். பாரதப் போர் முடிந்த பிறகு அவள் மறுபடி பிறந்து செஞ்சிக்கு வந்து, நூறு தலை அசுரனைக் கொன்றாள். அந்த அசுரனின் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு போத்துராஜா இன்றைக்கும் அவள் கோயில் முன்னால் நிற்கிறான். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிக் கோயில்தான் துரோபதைக்கு ஆதி கோயில் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இதையெல்லாம் ஊர் ஊராக அலைந்து கேட்டு, ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1988-இல் செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்ற பொருளில் தலைப்பு வைத்துப் பெரிய புத்தகமே எழுதினார் என்று வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்ததும் ஆயாவிடம் ஓடிப்போய்ச் சொல்லவேண்டும் என்றிருந்தது. அப்போது ஆயா இல்லை.

பள்ளிக்கூட நாட்களில் எங்கள் வாசம் விழுப்புரத்தில். அப்பாவுக்கு ஜங்ஷனில் வேலை. இரவில் எஞ்சின் மாற்றுகிற சத்தமும் டீ விற்கிறவர்களின் குரலும் எங்கள் வீடு வரை கேட்கும். விடுமுறைக்கு ஆயா ஊர். போகும்போதெல்லாம் அப்பா ஏதாவது ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்தனுப்புவார். பங்குனி உத்திரத்துக்கு மயிலம் போனால் மலையடிவாரத்தில் சாக்கு விரித்துப் பரப்பியிருப்பார்களே, அந்தப் பெரிய எழுத்துப் புத்தகங்கள்: அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, விக்கிரமாதித்தன் கதை. முக்கால்வாசி சென்னை இரத்தின நாயகர் கடை அச்சு. பழுப்புத் தாள், மை அப்பிய படங்கள், கண் மங்கினவர்களுக்கும் தெரிகிற மாதிரி கொட்டை எழுத்து. ஆனால் ஆயாவுக்கு எந்த அளவு எழுத்தும் தெரியாது. ஆகவே வாசிக்கிற வேலை என்னுடையது. அந்தப் புத்தகங்களில் சொற்களைப் பிரித்து அச்சடிக்க மாட்டார்கள், அடி முழுக்க ஒரே கோவையாக ஓடும், நான் தப்பான இடத்தில் மூச்சு விடுவேன். உடனே ஆயா கையில் இருக்கிற மல்லாட்டையை நிறுத்தாமலே சரியான இடத்தில் பிரித்துப் பாடுவாள். புத்தகத்தில் ஒரு சங்கதி விட்டுப்போயிருந்தால் அதையும் சொல்வாள். அச்சில் இருப்பதுதான் சரி என்று நான் சண்டை போடுவேன். அவள் சிரிப்பாள். "அச்சடிச்சவன் எங்க கேட்டானோ" என்பாள்.

அப்பா வாங்கிவருவதில் எனக்கு உயிர் சினிமாப் பாட்டுப் புத்தகம். நாலே நாலு தாள். நடுவில் ஒரு பின் இருக்கும், அல்லது இருக்காது. முதல் பக்கத்தில் கதைச்சுருக்கம். பணக்காரப் பெண் ஏழைப் பையனைப் பார்ப்பாள், அண்ணன் கத்தியை எடுப்பான், சரியாக அந்த இடத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டு முடித்துவிடுவார்கள். எங்களுக்கு எல்லாப் படத்தையும் காண வசதியில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. ஆகவே புளியமரத்தடியில் உட்கார்ந்து மீதியை நாங்களே செய்தோம். ஒரே படத்துக்கு நாலு முடிவு இருந்தது. தம்பியின் முடிவில் எல்லாரும் ரயில் ஏறிப் போய்விடுவார்கள், ஏனென்றால் அவனுக்கு ரயில் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்கும்போதும் இதே கதைதான். குரல் வரும், முகம் வராது. கதவு திறக்கிற சத்தத்துக்குக் கதவை நாங்கள் போட்டோம். சிவாஜி குரல் என்றால் மட்டும் முகம் தானாக வந்துவிடும். 1928-இல் விழுப்புரத்தில் பிறந்த கணேசன் அவர், எங்கள் ஊர்க்காரர், அவரை நாங்கள் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கவில்லை.

சித்திரையில் பாரதம் வைப்பார்கள். மதியம் சாப்பாட்டுக்கு மேல் கோயில் பந்தலில் பிரசங்கம். ஒருவர் வில்லிபாரதப் பாட்டைப் பாட, பிரசங்கியார் அதை எடுத்துப் பிரித்துக் கதை சொல்வார். வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர் என்பதால் அவரையும் உள்ளூர்க்காரராகவே வைத்திருந்தோம். வெயிலுக்குப் பந்தலில் பாதிப்பேர் தூங்குவார்கள். ஆனால் ஒரு பாட்டை அவர் தாண்டிப் போனால் தூங்குகிற கிழவர்களில் ஒருவர் கண்ணைத் திறக்காமலே, "நடுவுல ஒண்ணு உட்டுட்டீங்க" என்பார்.

ராத்திரி கூத்து. கூத்துக்காரர்கள் கோயில் பின்பக்கம் அரிதாரமும் முத்துவெள்ளையும் குழைத்துக்கொண்டிருப்பதை எட்டிப் பார்ப்பதில் ஆரம்பிக்கும் எங்கள் ராத்திரி. இரண்டு பேர் திரை பிடிக்க, திரைக்குப் பின்னால் துரியோதனன் சலங்கையை உதறிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆட, மத்தளமும் முகவீணையும் ஏற ஏற எனக்கு வயிற்றைப் பிசையும். ஒவ்வொரு அடியையும் வேஷக்காரர் பாடினதும் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். ஒரு தரம் சொன்னதை எதற்கு மறுபடி சொல்கிறார்கள் என்று ஆயாவைக் கேட்டேன். "பின்னால குந்தியிருக்கறவனுக்கு எப்படிக் கேக்கும்?" என்றாள். அவள் சின்ன வயசில் மைக் கிடையாது. தீவட்டி வெளிச்சம், வெறும் தொண்டை. கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் கண்ணாடிச் சில்லு ஒட்டுவதே தீவட்டிக்காகத்தான், தீ அசைய அசைய ராஜா உடம்பு முழுக்க மின்னும் என்றாள். நான் பார்க்கும்போது டியூப்லைட் வந்துவிட்டது. கண்ணாடி இருந்தது, மின்னல் குறைச்சல். நடுவில் கம்பியில் ஒரு மைக் தொங்கும். களம் முழுக்கச் சுற்றி ஆடிய ராஜாக்கள் பாடும்போது மட்டும் அதன் கீழே வந்து அண்ணாந்து நிற்பார்கள். அந்த ஒரு மைக் கூத்தின் காலைக் கட்டிப்போட்டது என்று ஒரு வாத்தியார் பல வருஷம் கழித்து என்னிடம் வருத்தப்பட்டார். கூத்தில் வாத்தியார் என்றால் ஜமாவை நடத்துகிறவர். ஆனால் மூன்று ஊர்க்காரர்கள் உட்கார்ந்து கேட்க முடிந்ததும் அதே மைக்கால்தான். அதையும் அவரே சொன்னார்.

துகில் ராத்திரியில் துச்சாதனன் வேஷக்காரர் கூந்தலைத் தொடுவதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்துவார். கற்பூரம் ஏற்றி, துரோபதை வேஷத்தில் நிற்கும் ஆளுக்கே காட்டி, அம்மா தாயே, இது என் தொழில், வயிற்றுப் பிழைப்பு, என் மேல் குற்றமில்லை என்று விழுந்து கும்பிடுவார். எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே கையால் கூந்தலைப் பிடிப்பார். அப்போது பெண்கள் பக்கம் ஒரு சத்தம் எழும். யாருக்காவது சாமி வரும். ஆயா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள், அவள் உள்ளங்கையில் மல்லாட்டை மண் சொரசொரக்கும். கடைசி நாள் படுகளத்தில் துரியோதனனைப் பெரிய மண் உருவமாகத் தரையில் கிடத்தி, பீமன் தொடையில் அடித்து, துரோபதை கூந்தல் முடித்த பிறகு, ஆளாளுக்கு ஓடிப்போய் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வருவோம். கதையை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாம் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

இப்படி இருந்த ஊருக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தியில் மகாபாரதம் வந்தது. 1988 அக்டோபரில் தூர்தர்ஷனில் ஆரம்பித்து 94 பாகம் ஓடிய பி.ஆர். சோப்ராவின் தொடர். ஊரில் ஒரே டிவி ரைஸ்மில் வீட்டில். கூரைமேல் ஒருவன் ஆன்டெனாவைத் திருப்ப, உள்ளேயிருந்து ஒருவர் "வந்துருச்சி, வந்துருச்சி, உட்டுரு" என்று கத்த, புள்ளி மழைக்கு நடுவே ஒரு சக்கரம் சுழன்றது, கனமான ஒரு குரல் பேசியது. யாருக்கும் இந்தி தெரியாது. யாரோ ஓடிப்போய்ப் பக்கத்துத் தெருவில் இருந்த வயசான கூத்து வாத்தியாரைக் கூட்டிவந்தார்கள். நாற்காலி போட்டு டிவிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவருக்கும் இந்தி தெரியாது. கதை தெரியும். "வியாசரு பேசறாரு" என்றார் முதலில். அது காலம் என்பவன் பேசுவதாக அமைந்த குரல் என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் அது வியாசர்தான். யார் யாரோ வாய் அசைக்க, இவர் தமிழில் வசனம் சொன்னார், நடுவே பாட்டையும் எடுத்தார். "இவுரு பீஷ்மரு. இப்ப சத்தியம் பண்ணப் போறாரு பாரு." அந்த ஆள் கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணினான். கூட்டமே கைதட்டியது, டிவிக்கா வாத்தியாருக்கா என்று சொல்ல முடியாது. விடுமுறைக்கு ஊருக்குப் போன ஞாயிறுகளில் எல்லாம் நான் அந்த நாற்காலிக்குக் கீழே இடம் பிடிப்பேன். நாங்கள் உம் கொட்டினோம். ஆயா மட்டும் கடைசிவரை ஒரு கேள்வியை விடவில்லை. "எல்லாரும் வந்துட்டானுங்க, போத்துராஜா எங்கடா?" வாத்தியார் யோசித்து, "அவன் நம்ம ஊரு ஆளு ஆயா, டில்லிக்காரனுக்கு எப்படித் தெரியும்?" என்றார். ஆயாவுக்கு அது நியாயமாகப் பட்டது.

அந்த வீட்டுச் சன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்த பிள்ளைகளையும் சொல்லியாக வேண்டும். காலனிப் பிள்ளைகள். என்னோடு ஏரியில் நண்டு பிடித்தவர்கள். அவர்களுக்கு வாத்தியார் குரல் பாதிதான் கேட்டிருக்கும். கதை எல்லாருக்கும் பொது என்று பெருமையாகச் சொல்கிறோம், அதைக் கேட்கிற இடம் பொதுவாக இருந்ததில்லை. விழுப்புரம் பக்கத்து மேல்பாதியில் தர்மராஜா துரோபதை கோயிலுக்குள் யார் வரலாம் என்ற சண்டையில் 2023-இல் கோயிலுக்கே சீல் வைத்தார்கள் என்று படித்தபோது எனக்கு அந்தச் சன்னல் கம்பிகள்தான் கண்ணில் வந்தன. 2006-இல் அரசு இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்து வீட்டுக்கு வீடு வந்தபோது, அது ஊரின் பேச்சுத் துணையைக் கெடுத்துவிட்டது என்று பலர் குறைப்பட்டார்கள். நான் அவர்களோடு சேரமாட்டேன். சன்னலுக்கு வெளியே நின்றவர்கள் சொந்த வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து பார்த்தார்கள். அது எனக்குப் பெரிய விஷயம்.

மாமா துபாயிலிருந்து டேப் ரெக்கார்டர் கொண்டுவந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன். ஆயா கதையைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. நடையில் ஆயாவை உட்காரவைத்து, எதிரே பெட்டியை வைத்து, ஃபேனை நிறுத்தி, கோழியைக் கூடக் கூடையில் போட்டு மூடி, "யாரும் மூச்சு விடக்கூடாது" என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். ஆயா தொண்டையைச் செருமி, "ஒரு ஊருல ஒரு ராசாவாம்" என்றாள். நிறுத்தினாள். பெட்டியைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். "சொல்லும்மா" என்று மாமா சைகை காட்டினார். "யாரும் உம் கொட்டலியே, யாருக்குடா சொல்றது?" என்றாள். அதுவும் பதிவாகிவிட்டது. மாமா என்னென்னவோ சமாதானம் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, "பாப்பா, மெதுவா உம் கொட்டு" என்றார். மெதுவாகக் கொட்ட எனக்குத் தெரியாது. பெட்டிக்குப் பக்கத்தில் வேறு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேசட்டில் தேசிங்குராஜன் கதை முழுக்க ஆயா குரல் தூரத்தில் கேட்கும், என் உம் காதைப் பிளக்கும். குதிரை விழுகிற இடத்தில் உம்முக்குப் பதிலாக நான் மூக்கை உறிஞ்சுவது இருக்கும். துபாயில் ஒரே அறையில் எட்டுப் பேர், வெள்ளிக்கிழமை சமைத்துக்கொண்டே அதைப் போட்டுக் கேட்பார்களாம். மலையாளத்து ஆள் ஒருவர் கூட என் உம்மோடு சேர்ந்து உம் கொட்டுவார் என்று மாமா எழுதியிருந்தார்.

2013-இல் புதிய மகாபாரதம் ஒன்று இந்தியில் வந்து, சீக்கிரமே விஜய் டிவியில் தமிழ் பேசியது. படம் பளிச்சென்று இருந்தது, அம்பு அழகாகப் பறந்தது, எல்லாம் புரிந்தது. பக்கத்தில் நாற்காலி போட யாரும் தேவைப்படவில்லை. என் வீட்டில் எல்லாரும் பார்த்தோம், நல்ல தொடர்தான். ஆனால் அதில் ஒரு வார்த்தையும் எனக்கு நினைவில்லை. சோப்ரா மகாபாரதத்தில் எனக்கு ஒரு இந்தி வார்த்தையும் தெரியாது, வாத்தியார் சொன்ன வசனம் இன்றைக்கும் சொல்வேன். மைக் இல்லாத கூத்து, பாதியில் நின்ற பாட்டுப் புத்தகம், முகமில்லாத ரேடியோ, மொழி புரியாத டிவி, இவை எல்லாம் நம்மிடம் ஏதோ ஒன்றைக் கேட்டன. நாம் ஒரு கை கொடுத்தால்தான் கதை நகரும். என் மகள் கைபேசியில் பார்க்கும் கதைகளில் குறையே இல்லை, இவள் தூங்கிப்போனாலும் அடுத்த பாகம் தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. நான்தான் போய் நிறுத்துகிறேன்.

ஆனால் கூத்துக்காரர்களை எளிதில் எடை போட்டுவிடக் கூடாது. போன சித்திரையில் ஊர்ப் பாரதத்துக்குப் போயிருந்தோம். மத்தளக்காரருக்குப் பக்கத்தில் மூன்றுகால் தாங்கியில் ஒரு கைபேசி, ராத்திரி முழுக்க யூடியூபில் நேரலை. பையன்கள் முறை போட்டுச் சார்ஜர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டியங்காரன் வந்தார். முன்பெல்லாம் யாராவது வேஷக்காரர் மேல் ரூபாய் நோட்டைக் குத்தினால் ஆட்டத்தை நிறுத்தி, கொடுத்தவர் பெயரைச் சொல்லி வாழ்த்திவிட்டு மறுபடி தொடங்குவார்களே, அந்த வேலை அவருடையது. இப்போது கைபேசிக்குப் பணம் வருகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் ஒரு துண்டுச் சீட்டை நீட்ட, துரியோதன மகாராஜாவைச் சற்று நில்லும் என்று நிறுத்திவிட்டு, கட்டியங்காரன் நேராகக் கைபேசி முன்னால் போய்க் குனிந்து அதற்குள் எட்டிப் பார்த்தார். "யாரு, மாமாவா? துபாய்லயா கீற? இங்க மகாராசா சபையில எல்லாரும் தரையில குந்தியிருக்காங்க, நீ மட்டும் ஏசி ரூம்புல கட்டில்ல படுத்துகினு பாக்கறியா? ஏந்து குந்து!" கூட்டம் உருண்டு சிரித்தது. கொஞ்ச நேரத்தில் பையன் இன்னொரு சீட்டை நீட்டினான். மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டாராம், இன்னும் நூறு ரூபாய் போட்டிருக்கிறாராம். கட்டியங்காரன் அதையும் வாழ்த்தினார். துரியோதனன் விட்ட இடத்திலிருந்து பாட, பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடினார்கள். என் மகள் மடியிலிருந்து எழுந்து, முன்வரிசைக்குப் போகணும், என்னையும் அவர் ஏதாவது கேட்பாரா என்றாள். கேட்பார், பதிலை யோசித்து வைத்துக்கொள் என்று சொல்லிக் கூட்டிப்போனேன்.